குளிர்காலக் கப்பல் பயணம்: கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது?

கப்பலில் குமட்டல் வரும் என்று தெரிந்தவர்கள் பயணம் தேடும்போது முதலில் கப்பலைத்தான் பார்க்கிறார்கள்: எது பெரியது, எதில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறது, எந்த கேபின் குறைவாக ஆடும். இவையும் முக்கியம்தான், ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. போகிற மாதத்தில் அந்தப் பாதையில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, அந்தக் காற்றுக்கும் கப்பலுக்கும் நடுவில் நிலம் இருக்கிறதா? நிலத்தின் மறைவில் ஓடும் நடுத்தரக் கப்பல், திறந்த சமுத்திரத்தில் ஓடும் மிகப் பெரிய கப்பலைவிட அநேகமாக எப்போதும் சுகமாக இருக்கும். நிறைய பணம் கொடுத்துப் பெரிய கப்பலில் ஏறியும் மூன்று நாள் படுக்கையை விட்டு எழ முடியாமல் போகிறவர்கள், பெரும்பாலும் தவறான கடலைத் தேர்ந்தெடுத்தவர்கள்.

குளிர்காலம் என்று இங்கே சொல்வது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை.

எந்த ஆட்டம் வயிற்றைக் கலக்குகிறது

உள்காதின் சமநிலை உறுப்பு உடம்பு ஆடுவதை மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ, எதிரே இருக்கும் கேபின் சுவர் அசையாமல் நிற்கிறது என்கிறது. இந்த முரண்பாட்டில் கிளம்புவதுதான் குமட்டல். ஆனால் எல்லா ஆட்டமும் ஒரே அளவு தொந்தரவு செய்வதில்லை. 5 அல்லது 6 விநாடிக்கு ஒரு முறை மேலே தூக்கிக் கீழே இறக்கும் அசைவுதான் மிக மோசம். 2 முதல் 10 விநாடி வரையிலான அசைவுகள் எல்லாமே தொல்லை தரக்கூடியவை. 20 விநாடிக்கு ஒருமுறை மெல்லச் சாய்ந்து நிமிர்வதைப் பலர் உணர்வதே இல்லை.

ஆகவே அலை எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். வானிலை அறிக்கையில் வரும் அலை உயரம், அங்கிருக்கும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 2 மீட்டர் என்று போட்டிருந்தால் இடையிடையே 4 மீட்டரை நெருங்கும் அலையும் வரும். அதன் பக்கத்திலேயே அலையின் கால இடைவெளியும் விநாடியில் இருக்கும். இரண்டில் அதிகம் சொல்வது இந்த எண்தான். ஆழ்கடலில், அந்த விநாடியை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 1.56 ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 6 விநாடி அலை சுமார் 56 மீட்டர் நீளம். 8 விநாடி என்றால் 100 மீட்டர். 12 விநாடி என்றால் 225 மீட்டர். 14 விநாடி என்றால் 300 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இதைக் கப்பலின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். 300 மீட்டர் கப்பல் 56 மீட்டர் அலைகளின் மேல் போகும்போது ஒரே நேரத்தில் ஐந்தாறு அலை முகடுகள் அதைத் தாங்குகின்றன; கப்பல் அசைவதில்லை. அலை நீளம் கப்பலின் நீளத்தை நெருங்கும்போதுதான் முன்முனை ஏறி இறங்கத் தொடங்கும். அதனால்தான் பாரசீக வளைகுடாவில் 2 மீட்டர் அலை பெரிய கப்பலில் தெரியாமலேயே போய்விடுகிறது. அட்லாண்டிக்கில் எங்கோ தொலைவில் அடித்த புயல் அனுப்பிய, 2 மீட்டர் உயரமே உள்ள நீண்ட அலை, மாலுமிகள் ஸ்வெல் என்று சொல்வது, வெயில் அடிக்கும் காற்றில்லாத நாளிலும் அதே கப்பலை ஆட்டிவிடுகிறது. வானம் தெளிவாக இருப்பதை வைத்துக் கடலை எடை போடக்கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. முன்பதிவு செய்பவர்கள் இதைக் கிட்டத்தட்ட யாருமே பார்ப்பதில்லை. கப்பல் அலையை எதிர்த்துப் போகிறதா, அலையோடு போகிறதா? 12 விநாடி அலையைச் சுமார் 20 நாட் (மணிக்கு 37 கிலோமீட்டர்) வேகத்தில் எதிர்கொண்டால், கப்பலுக்கு அது 8 விநாடிக்கு ஒருமுறை வந்து மோதும். அதே அலை பின்னாலிருந்து வந்தால் இடைவெளி சுமார் 27 விநாடியாக நீண்டுவிடும். ஒரே கடல், ஒரே நாள், ஒரே கப்பல். திசை மாறினால் ஒன்று தொல்லை வரம்புக்குள் வருகிறது, மற்றது வெளியே போய்விடுகிறது. ஒருவழிப் பயணங்களில் எந்த ஊரிலிருந்து ஏறுவது என்பதை இதுவே முடிவு செய்யவேண்டும்.

மலாக்கா நீரிணை: எங்கள் முதல் தேர்வு

குளிர்காலத்தில் தென்கிழக்கு ஆசியாவில் வீசுவது வடகிழக்குப் பருவக்காற்று. அது தென்சீனக் கடல் முழுவதையும் தாண்டி வந்து மலாய் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் மோதுகிறது. தீபகற்பத்தின் மறுபக்கத்தில் மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் மலாய் தீபகற்பம், மறுபக்கம் சுமத்ரா. காற்று அலையை வளர்க்க வேண்டுமானால் தடையற்ற நீண்ட நீர்ப்பரப்பு வேண்டும். இங்கே அது கிடைப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து வடமேற்காக போர்ட் கிளாங், பினாங்கு, லங்காவி, புக்கெட் என்று போகும் பாதையில் டிசம்பர் முதல் மார்ச் வரை பெரும்பாலான நாள்களில் அலை 1 மீட்டருக்குள்தான் இருக்கும். லங்காவிக்கு அப்பால் அந்தமான் கடல் திறந்துகொண்டாலும் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்புவதில்லை. மே முதல் அக்டோபர் வரை அதே புக்கெட் கரை தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும். இடம் ஒன்றுதான், மாதம்தான் வித்தியாசம்.

கவனிக்கவேண்டியது, அதே சிங்கப்பூர்த் துறைமுகத்திலிருந்து, சில சமயம் அதே கப்பல், அதே விலையில், மறு வாரம் கிழக்கே திரும்பி கோ சமுயி, ஹோ சி மின் நகரம், நா ட்ராங், டா நாங் என்று போகும். டிசம்பரிலும் ஜனவரியிலும் அது முற்றிலும் வேறு கடல். வடக்கே சீனாவிலிருந்து குளிர்காற்று பாய்ந்து வரும் நாள்களில் வியட்நாமுக்கு வெளியே 3 முதல் 4 மீட்டர் அலை அசாதாரணம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வடக்கே ஹாங்காங் நோக்கிப் போகும் கப்பல் அதை நேருக்கு நேர் வாங்குகிறது. வியட்நாமைக் கடல்வழியாகப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஹாங்காங்கில் ஏறி சிங்கப்பூரில் இறங்கும் தென்திசைப் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். அலை பின்னாலிருந்து வரும். பிப்ரவரிக் கடைசிக்குத் தள்ளிப்போட முடிந்தால் காற்றும் தணியத் தொடங்கியிருக்கும். கோ சமுயியில் பெரிய கப்பல்கள் கரையணைவதில்லை, சிறு படகில்தான் இறங்கவேண்டும். இந்தப் பருவத்தில் அந்த நிறுத்தம் ரத்தாவதும் உண்டு.

மலாக்கா பாதையின் இன்னொரு நன்மை, பயணங்கள் 3 முதல் 5 இரவு வரை குறுகியவை. நிறுத்தங்கள் எல்லாவற்றுக்கும் அருகில் விமானநிலையம் உண்டு. முதன்முறை உடம்பைச் சோதித்துப் பார்ப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி கடலில் இல்லை.

அரபிக் கடலின் கிழக்கோரமும் லட்சத்தீவும்

அதே வடகிழக்குக் காற்று இந்தியாவைத் தாண்டி மேற்குக் கரைக்கு வரும்போது நிலக்காற்றாகிவிடுகிறது. மும்பை, கோவா, கொச்சி, லட்சத்தீவு பாதை ஜனவரி முதல் மார்ச் வரை நன்றாகவே அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் பாதி மட்டும் கொஞ்சம் சந்தேகம். 2017 நவம்பர் இறுதியில் எழுந்த ஒக்கி புயல் டிசம்பர் தொடக்கத்தில் லட்சத்தீவைத் தாக்கியது. கன்னியாகுமரிக்குத் தெற்கே இலங்கையை நோக்கித் திரும்பும் பாதையில் கவனம் தேவை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகப் பருவக்காற்று பாய்ந்து மன்னார் வளைகுடாவில் வேகம் பிடிக்கும். கொச்சியில் அமைதியாகக் கிளம்பிய கப்பல் கொழும்புக்கு முன்னால் சில மணி நேரம் ஆடுவதற்கு அதுவே காரணம். வங்காள விரிகுடாப் பக்கம் டிசம்பரில் புயல் பருவம் முடிந்திருக்காது. அந்தப் பக்கம் பிப்ரவரிதான் நல்லது.

கரீபியன்: ஒரே பெயரில் மூன்று கடல்கள்

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் நவம்பர் 30-இல் முடிகிறது. அதனால் குளிர்காலக் கரீபியன் என்றாலே குளம் போலிருக்கும் என்று விளம்பரங்கள் நம்பவைக்கின்றன. சூறாவளி இல்லைதான்; ஆனால் வடகிழக்கு வியாபாரக் காற்று டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல பலத்தோடு வீசும். எந்தப் பகுதி என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

மேற்குக் கரீபியன், அதாவது கொஸுமெல், கிராண்ட் கேமன், பெலீஸ், ரொயத்தான் பக்கம், கியூபாவின் மறைவில் கொஞ்சம் காப்பாற்றப்படுகிறது. மூன்றில் சராசரியாக அமைதியானது இதுதான். ஆனால் வட அமெரிக்காவிலிருந்து இறங்கும் குளிர்முகங்கள், அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்புகள், ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று வீதம் மெக்சிகோ வளைகுடாவைக் கடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நாள் பலத்த வடகாற்றைக் கொண்டுவரும். கால்வெஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், டாம்பா துறைமுகங்களில் ஏறினால் அந்த வளைகுடாவைப் போகும்போதும் வரும்போதும் கடக்கவேண்டும். மயாமி, ஃபோர்ட் லாடர்டேலில் ஏறினால் ஃபுளோரிடா நீரிணை மட்டும்தான். அங்கேயும் வடக்கே ஓடும் வளைகுடா நீரோட்டத்தை எதிர்த்து வடகாற்று அடித்தால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக எழும். ஆனால் சில மணி நேரத்தில் தாண்டிவிடலாம்.

கிழக்குக் கரீபியனில் ஃபுளோரிடாவிலிருந்து போவதா, உள்ளேயே ஏறுவதா என்பதுதான் முடிவு செய்யவேண்டியது. ஃபுளோரிடாவிலிருந்து போகும் கப்பல் காற்றை எதிர்த்து ஒன்றரை, இரண்டு நாள் திறந்த கடலில் ஓடுகிறது. மாறாக, புவெர்ட்டோ ரிக்கோவின் சான் வானிலோ பார்படோஸிலோ விமானத்தில் போய் இறங்கி அங்கே ஏறினால், தீவுக்குத் தீவு ஓர் இரவு ஓட்டம்தான். கப்பல்கள் தீவுகளின் மேற்குப் பக்கத்து மறைவில் போகும். தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்களில் மட்டும் அட்லாண்டிக் அலை பக்கவாட்டில் வந்து தொடும். அதுவும் தூங்கும் நேரத்தில். விமானச் செலவு கூடுதலாகும், ஆனால் குமட்டல் உள்ளவருக்கு அந்தப் பணம் வீணாகாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

தெற்குக் கரீபியனில் அரூபா, குராசோ, கொலம்பியாவின் கார்தஹேனா, பனாமா பாதையை இந்த மாதங்களில் தவிர்த்துவிடுங்கள். கொலம்பியாவுக்கு வெளியே கீழ்மட்டக் காற்றோட்டம் ஒன்று ஜனவரி, பிப்ரவரியில் உச்சத்தில் இருக்கும். 3 மீட்டர் அலை அங்கே வாடிக்கை. பனாமா கால்வாயைப் பார்க்கும் ஆசையில் இந்தப் பாதையை எடுப்பவர்கள் குறைந்தது கிழக்கிலிருந்து மேற்காகப் போகும் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். காற்று பின்னால் இருக்கும். கால்வாய்க்குள் காட்டூன் ஏரியில் ஆட்டமே இல்லை. பசிபிக் பக்கம் மெக்சிகோ வரை தொடர்ந்தால் தெஹுவான்டெபெக் வளைகுடாவில் மறுபடி பலத்த காற்று காத்திருக்கும்.

நியூயார்க்கிலிருந்து ஜனவரியில் கிளம்பும் கரீபியன் பயணம் எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். முதல் இரண்டு நாளும் கடைசி இரண்டு நாளும் ஹாட்டெராஸ் முனைக்கு வெளியே குளிர்கால அட்லாண்டிக்கில் கழியும்.

பாரசீக வளைகுடா

துபாய், அபுதாபி, தோஹா சுற்றுக்குக் குளிர்காலம்தான் பருவம். சராசரி ஆழம் 35 மீட்டர் அளவே உள்ள, ஏறக்குறைய மூடப்பட்ட கடல் இது; சமுத்திரத்தின் நீள அலை உள்ளே வருவதில்லை. தொல்லை தருவது ஷமால் என்னும் வடமேற்குக் காற்று. அது சில நாள் நீடிக்கும், 2 முதல் 3 மீட்டர் அலை எழுப்பும். அந்த அலைகள் குட்டையானவை என்பதால் 290 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலில் தாங்கிக்கொள்ளலாம். சிறு சொகுசுக் கப்பலில் அப்படியில்லை. சர் பனி யாஸ் தீவு போன்ற இடங்களில் படகிறங்கல் ரத்தாகும். முதல் இரவும் கடைசி இரவும் துறைமுகத்திலேயே நிற்கும் பயணங்கள் இங்கே நிறைய. 7 இரவுப் பயணத்தில் உண்மையில் கடலில் ஓடுவது 4 அல்லது 5 இரவுகளாகக் குறையலாம். இந்தப் பகுதிக்கும் செங்கடலுக்கும் முன்பதிவு செய்யும் முன் பாதுகாப்பு நிலவரத்தைப் பார்ப்பது கட்டாயம். 2023 இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் பல நிறுவனங்கள் அந்தப் பயணங்களை ரத்து செய்தன.

ஆறு: ஆடவே கூடாது என்பவர்களுக்கு

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் தலை சுற்றுபவர், ஊஞ்சலில் உட்கார முடியாதவர், கடலை விட்டுவிட்டு ஆற்றுக்கு வரவேண்டும். குளிர்காலத்துக்கு நான்கு ஆறுகள் பொருந்தும்.

நைல் நதியில் லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல், 3 அல்லது 4 இரவு. அலை கிடையாது; எஸ்னா மதகில் கப்பல் மட்டம் மாறும்போதுகூட ஓர் அசைவும் தெரியாது. குமட்டல் இங்கே வேறு வழியில் வரும். கரையில் கப்பல்களை ஒன்றையொட்டி ஒன்றாக நான்கைந்து வரிசையில் கட்டுவார்கள். பக்கத்துக் கப்பலின் ஜெனரேட்டர் புகை உங்கள் ஜன்னலுக்குள் வரும், வெளிக்காட்சியும் மறைந்துவிடும். டீசல் வாடை பட்டாலே வாந்தி வருபவர் மேல்தளத்தில், எஞ்சினிலிருந்து விலகிய முன்பக்க கேபினைக் கேட்டு வாங்கவேண்டும். கடலில் தவிர்க்கவேண்டிய இடம் ஆற்றில் நல்ல இடம். நெரிசல் வேண்டாம் என்றால் அஸ்வான் உயர் அணைக்கு மேலே நாசர் ஏரியில் அபு சிம்பெல் வரை போகும் பயணம் இருக்கிறது. கப்பல்கள் மிகக் குறைவு.

மெகாங் ஆற்றில் மழைக்காலம் முடிந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். டிசம்பர், ஜனவரி மிதமான வெப்பம். கம்போடியாவின் டோன்லே சாப் ஏரியில் ஆழம் குறைந்துவிட்டால் சியெம் ரீப்புக்கும் கம்போங் சாமுக்கும் இடையே பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். அந்தச் சாலைப் பயணம் சில மணி நேரம் நீளும் என்பதால், வண்டியில் குமட்டுபவர் மாத்திரையை அன்றைக்கென்று எடுத்து வைக்கவேண்டும். ரைன், டான்யூப் ஆறுகளில் கிறிஸ்துமஸ் சந்தைப் பயணங்கள் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் இறுதி வரை. குளிரைத் தாங்குபவருக்கு உடல் தொல்லை எதுவும் இல்லை. வெள்ளம் வந்தால் பாலங்களுக்கு அடியில் போக முடியாமல் கப்பல் நின்றுவிடும், அவ்வளவுதான்.

வேண்டாம் என்று சொல்லக்கூடியவை

குளிர்கால மத்தியதரைக் கடல் விலை குறைவு. பிரான்சின் தெற்கே லியோன் வளைகுடாவில் மிஸ்ட்ரல் காற்று சில மணி நேரத்திலேயே செங்குத்து அலைகளை எழுப்பிவிடும். கேனரி தீவுகளுக்கு சவுத்தாம்ப்டனில் ஏறினால் பிஸ்கே விரிகுடாவை இரண்டு முறை கடக்கவேண்டும். விமானத்தில் டெனரீஃப் போய் அங்கே ஏறினால் பரவாயில்லை, ஆனால் வடமேற்கிலிருந்து வரும் நீள அலையிலிருந்து தப்ப முடியாது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையிலான டாஸ்மன் கடல், அங்கே கோடையாக இருக்கும் இந்த மாதங்களிலும் முரடு. ஹவாய்க்குக் குளிர்காலம்தான் பேரலைப் பருவம்.

அண்டார்டிகா தனி வகை. டிரேக் கடல்வழியைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். உலகின் மிகக் கடுமையான நீர்ப்பரப்புகளில் அது ஒன்று. சிலியின் புந்தா அரேனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு இரண்டு மணி நேர விமானத்தில் போய் அங்கே கப்பலேறும் பயணங்கள் உள்ளன. விலை கூடுதல், மேகம் சூழ்ந்தால் விமானம் தாமதமாகும். இருந்தாலும் தீபகற்பத்தின் கால்வாய்களுக்குள் கடல் பெரும்பாலும் அடங்கியே இருப்பதால், அண்டார்டிகா கனவை விடமுடியாத குமட்டல்காரருக்கு இது ஒன்றே வழி. சிலியின் கடற்கழி வழியாகப் போகும் பயணங்களும் அமைதியானவை. நடுவில் பெனாஸ் வளைகுடா என்ற திறந்த பகுதி மட்டும் ஓர் இரவு ஆட்டும்.

கப்பலும் கேபினும்

பாதை முடிவான பிறகு கப்பலுக்கு வருவோம். விளம்பரத்தில் பயணிகள் எண்ணிக்கையையும் டன்னையும் போடுவார்கள். நீங்கள் தேடவேண்டியது நீளம். 290 மீட்டருக்கு மேல் இருந்தால் 8, 9 விநாடி வரையிலான அலைகள் பெரிதாகத் தெரியாது. 150 மீட்டர் கப்பலுக்கு அதே அலையே பகை.

ஸ்டெபிலைசர் என்பது நீர்மட்டத்துக்குக் கீழே இருபுறமும் நீட்டும் துடுப்பு. அது பக்கவாட்டுச் சாய்வைத்தான் குறைக்கும். முன்முனை ஏறி இறங்குவதற்கும் கப்பல் முழுதும் தூக்கி இறங்குவதற்கும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வயிற்றைக் கலக்குவது அந்த இரண்டும்தான். தவிர, துடுப்பின் பிடிமானம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் பிடிமானம் கால்பங்கு. பக்கத்துத் துறைமுகங்களுக்கு இடையே எரிபொருளை மிச்சம் பிடிக்க 8, 10 நாட் வேகத்தில் ஊர்ந்து போகும் இரவுகளில் கப்பல் கூடுதலாகச் சாய்வது இதனால்தான்.

கேபின் நடுவிலும் கீழேயும் இருக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு வித்தியாசம் என்பது தெரிவதில்லை. ஏற்றப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கும் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. 300 மீட்டர் கப்பல் ஒரே ஒரு டிகிரி முன்பின்னாகச் சாய்ந்தால், முன்முனை 2.6 மீட்டர் ஏறும். நடுவிலிருந்து 20 மீட்டர் தள்ளியுள்ள கேபின் 35 சென்டிமீட்டர்தான் ஏறும். உயரத்துக்கும் கணக்கு உண்டு: 2 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தால், உருளும் அச்சுக்கு 30 மீட்டர் மேலே இருப்பவர் 1 மீட்டர் நகர்வார். நீளவாட்டு இடத்தை முதலில் பாருங்கள், தளத்தைப் பிறகு. 9-ஆம் தளத்தின் நடு கேபின், 3-ஆம் தளத்தின் முன்முனை கேபினைவிட மேல்.

டெக் வரைபடத்தைத் திறந்து கப்பலின் நீளத்தைப் பத்தாகப் பிரியுங்கள். ஐந்தாம் பங்கின் தொடக்கத்திலிருந்து ஆறாம் பங்கின் முடிவுக்குள் கேபின் இருக்கவேண்டும். நடு லிஃப்ட் கூடத்துக்கு அருகே என்பது எளிய அடையாளம். மேலேயும் கீழேயும் உணவகமோ நடன அரங்கமோ இல்லாமல் கேபின்களே இருந்தால் தூக்கமும் கிடைக்கும். தூக்கம் கெட்டால் குமட்டல் கூடும். ஜன்னல் உள்ள கேபின் நல்லது, அடிவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். பால்கனிக்காக முன்முனைக்கோ மிக உயரத்துக்கோ போகவேண்டாம். நடுவில் கீழே உள்ள ஜன்னலற்ற கேபினில் கண்ணை மூடிப் படுத்தால் அதைவிடச் சுகம். உத்தரவாத கேபின் என்று விலை குறைத்து விற்பவற்றில் இடத்தை நிறுவனமே ஒதுக்கும். யாரும் வாங்காத முன்முனை கேபின்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகும்.

பயண அட்டவணையில் ஒளிந்திருப்பவை

மொத்த இரவுகளைவிட்டு, கடலில் ஓடும் மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். மாலை 6-க்குக் கிளம்பி காலை 7-க்குச் சேரும் ஓட்டங்களில் பெரும்பகுதி தூக்கத்தில் கழியும். முழுநாள் கடல் பயணம் இரண்டு அடுத்தடுத்து வந்தால், அவை பயணத்தின் தொடக்கத்திலா முடிவிலா என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு இரண்டு, மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். பழகிய பிறகு வரும் நாள்கள் அவ்வளவு துன்பம் தருவதில்லை.

துறைமுகப் பட்டியலில் டெண்டர் என்று குறித்திருந்தால், கப்பல் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகில் கரைக்குப் போகவேண்டும். பெரிய கப்பலில் ஒன்றும் ஆகாதவர்கள் இந்தப் பத்து, இருபது நிமிடத்தில் வாந்தி எடுப்பது சகஜம். குட்டை அலை கப்பலை அசைப்பதில்லை, படகை நன்றாகவே அசைக்கும். இரண்டு பயணங்களில் மற்றதெல்லாம் சமமாக இருந்தால், டெண்டர் நிறுத்தம் குறைவானதை எடுங்கள்.

மருந்து

மருந்து கடைசித் துணைதான், ஆனாலும் கையில் இருக்கவேண்டும். இரத்த அழுத்தம், கண் அழுத்தம், சிறுநீர்த் தடை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் எடுக்கக்கூடாது. குழந்தைகளுக்கான அளவும் தனி. பெரியவர்களுக்கு மெக்லிசின் 25 முதல் 50 மில்லிகிராம், கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால், நாளுக்கு ஒருமுறை. சின்னரிசின் என்றால் இரண்டு மணி நேரம் முன்னால் 30 மில்லிகிராம், பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 மில்லிகிராம். டைமென்ஹைட்ரினேட் வேலை செய்யும், தூக்கம் அதிகம் வரும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பேட்ச் மூன்று நாள் தாங்கும். குறைந்தது 4 மணி நேரம் முன்னதாக ஒட்டவேண்டும். தொட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். வாய் உலரும். பேட்ச்சைப் பாதியாக வெட்டக்கூடாது.

ஒவ்வாமைக்குச் சாப்பிடும் தூக்கம் வராத மாத்திரைகளும், மற்ற வாந்திகளுக்கு நன்றாக வேலை செய்யும் ஆன்டான்செட்ரானும் இதற்கு உதவுவதில்லை. இஞ்சி சிலருக்குக் கைகொடுக்கும், தீங்கில்லை. வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. அதனால்தான் எல்லா மருந்துக்கும் முன்கூட்டி என்ற நிபந்தனை. எந்த மருந்தானாலும் வீட்டில் ஒரு விடுமுறை நாளில் ஒருமுறை எடுத்துப் பார்த்து, எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசி வாரம்

முன்பதிவு செய்யும் நேரத்தில் வானிலை தெரியாது. அந்த மாதத்தின் வழக்கமான காற்றும் அலையும்தான் தெரியும். கடல் வரைபட நிறுவனங்கள் வெளியிடும் மாதாந்தர பைலட் வரைபடங்களில், ஒவ்வொரு சதுரத்திலும் காற்று எந்தத் திசையிலிருந்து எத்தனை சதவீத நேரம் வீசும் என்று இருக்கும். பாதையை அதன்மேல் வைத்துப் பார்க்க அரைமணி நேரம் போதும். அலை முன்னறிவிப்பு ஐந்து நாள் வரை நம்பத்தக்கது. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, பாதையின் நடுப்புள்ளியில் அலை உயரம், இடைவெளி, திசை மூன்றையும் பாருங்கள். 1 மீட்டருக்குள் என்றால் மருந்து பெட்டியிலேயே இருக்கட்டும். 1 முதல் 2 மீட்டர், 7 விநாடிக்குள், பெரிய கப்பல் என்றால் முதல் இரவுக்கு மட்டும் ஒரு மாத்திரை போதும். 2 மீட்டருக்கு மேல், 9 விநாடிக்கு மேல், அதுவும் முன்னாலிருந்து வருகிறது என்றால், துறைமுகத்துக்குப் புறப்படும் முன்பே பேட்ச்சை ஒட்டிவிடுங்கள். அன்று மதியம் எண்ணெய்ப் பதார்த்தமும் மதுவும் வேண்டாம், ஆனால் வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். கொஞ்சம் சோறோ ரொட்டியோ சாப்பிட்டவருக்கு, பட்டினி கிடந்தவரைவிடக் குமட்டல் குறைவாகவே வரும்.